ஸ்ட்ரக்டுக்குள் ஒரு கடன்

ஒரு பெரிய லாக் ஃபைலில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும். ஃபைல் முழுவதும் ஏற்கெனவே மெமரியில் ஒரே சரமாக, அதாவது எழுத்துகளின் ஒரே தொடராக, கிடக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் நகலெடுத்து ஹாஷ்மேப்பில் (சொல்லுக்கு எதிரே அதன் எண்ணிக்கையை வைக்கும் அட்டவணையில்) போடலாம், ஆனால் எதற்கு? சொல் எங்கே தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம் என்று குறித்துக்கொண்டால் போதுமே. ரஸ்ட் நிரல்மொழியின் சர ரெஃபரன்ஸ், அதாவது வேறிடத்தில் உள்ள சரத்தை நகலெடுக்காமல் கடன் வாங்கிக் காட்டும் குறிப்பு, அதைத்தான் செய்கிறது: 64 பிட் கணினியில் முகவரிக்கு 8 பைட், நீளத்துக்கு 8 பைட். எழுத்துகளைத் தானே வைத்திருக்கும் சொந்தச் சரம் என்றால் அதன் தலைப்பகுதிக்கே 24 பைட் ஆகும். எழுத்துகளுக்கு ஹீப்பில் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரியில்) தனி இடம் வேறு.

மிச்சம்தான். ஆனால் கடன் வாங்கிய முகவரிக்கு ஓர் ஆபத்து உண்டு. 4 எண்களுக்கு மட்டும் இடமுள்ள ஒரு வெக்டரில் (தேவைப்பட்டால் வளரும் பட்டியலில்) முதல் எண்ணின் முகவரியை எடுத்து வைத்திருக்கிறோம். ஐந்தாவது எண்ணைச் சேர்த்ததும் வெக்டர் பெரிய இடம் பிடித்து எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டு, பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நம் கையில் இருப்பது காலியான வீட்டின் முகவரி. சி++ மொழியின் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இதைப் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ரஸ்ட் ஏற்காது.

அதனால்தான் பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்டில் ரெஃபரன்ஸ் வைத்தால், அது எதுவரை செல்லும் என்று சொல்லும் லைஃப்டைம் குறியை ரஸ்ட் கேட்கிறது. குறி போட்டால் தரவு கூடுதல் நேரம் உயிரோடு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ‘அசல் இருக்கும் வரைதான் இந்த ஸ்ட்ரக்டும்’ என்று அது எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஸ்ட்ரக்டை உள்ளே வைத்திருக்கும் இன்னொரு ஸ்ட்ரக்டுக்கும் குறி வேண்டும், அதை வைத்திருப்பதற்கும் வேண்டும். மூன்று அடுக்கு தாண்டினால் எனக்கே எரிச்சல் வந்துவிடும்.

அப்புறம் எல்லாருக்கும் ஒருநாள் தோன்றும் யோசனை: சரத்தையும் அதன் சொற்களைக் காட்டும் ரெஃபரன்ஸ்களையும் ஒரே ஸ்ட்ரக்டில் வைத்தால் என்ன? வேடிக்கை என்னவென்றால், ஸ்ட்ரக்ட் இடம் மாறினாலும் சரத்தில் நகர்வது அந்த 24 பைட் தலைப்பகுதி மட்டுமே. எழுத்துகள் ஹீப்பில் அசையாமல் இருக்கும், முகவரிகளும் சரியாகவே இருக்கும். ஆனாலும் அந்த ஸ்ட்ரக்டை நகர்த்தவோ ஒரு ஃபங்ஷனிலிருந்து திருப்பி அனுப்பவோ கம்பைலர் விடாது. ஹீப் நிலவரம் அதன் கணக்கில் வராது; கடன் கொடுத்த பொருளை நகர்த்தக் கூடாது என்பதே அதன் விதி. தன் உறுப்பிடமே கடன் வாங்கியிருக்கிறேன் என்று சொல்ல லைஃப்டைமில் வழியும் இல்லை.

இங்கே நான் ரெஃபரன்ஸை விட்டுவிட்டு, தொடக்கத்தையும் முடிவையும் இரண்டு 32 பிட் எண்களாக வைத்துக்கொள்வேன். சரம் 4 ஜிபிக்குள் இருந்தால் 8 பைட்டில் வேலை முடிந்தது, லைஃப்டைமும் வேண்டாம். ஆனால் அந்த எண்களுக்குக் கம்பைலர் காவல் இல்லை. சரத்தை இடையில் மாற்றினால் அவை வேறு சொல்லைக் காட்டும்; எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ 3 பைட் என்பதால், அதன் நடுவில் வெட்டப் போனால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்.