தண்ணீரை மட்டும் சின்னதாக்க முடியாது

காட்பாடி வாசகர் ஒருவர் ஒரு கேள்வியும் இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார். மாடல் ரயில் பித்து பிடித்தவர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோட்டில் வந்து நின்றது. அந்தப் பக்கத்து ஆளுக்கு இந்தப் பித்து பிடிப்பதில் வியப்பில்லை. மீட்டர்கேஜ் காலத்து விழுப்புரம் – காட்பாடி பாதையை மனதில் வைத்து ஒரு குட்டி ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருக்கிறார். கருங்கல் சுவர், மங்களூர் ஓட்டுக் கூரை, ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. கல் கட்டுமானம் அச்சாகப் பதிந்த பாலிஸ்டைரின் ஷீட்டில் சுவர். கற்களுக்கு நடுவே சாந்துக் கோடு எடுப்பாகத் தெரியட்டும் என்று கருப்பு அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்துத் தடவியிருக்கிறார். மாடல்காரர்கள் இதை 'வாஷ்' என்பார்கள்.

முதல் படத்தில் வாஷ் கோட்டுக்குள் இறங்காமல் கல்லின் மேலேயே முத்து முத்தாக நிற்கிறது. யாரோ சொன்னார்கள் என்று பாத்திரம் விளக்கும் லிக்விட் ஒரு சொட்டு கலந்திருக்கிறார். இரண்டாவது படத்தில் பிரஷ் பட்ட இடத்திலிருந்து கோடு கோடாக அதுவே ஓடிப் போயிருக்கிறது. "சோப்பு அழுக்கைத்தானே எடுக்கும்? பெயின்ட்டை எப்படி ஓட வைத்தது?" என்பது கேள்வி.

முதலில் அளவு. அவர் கட்டுவது 1:87. நிஜத்தின் 1000 மி.மீ. மீட்டர்கேஜ் இதில் 11.5 மி.மீ. ஆகும், 12 மி.மீ. தண்டவாளம் போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. (நம் அகலப்பாதைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். 1676 மி.மீ.க்கு 19.3 வேண்டும், ஆனால் கடையில் கிடைப்பதோ வெளிநாட்டு 1435-க்காகச் செய்த 16.5.) கொத்தனார் 10 மி.மீ. அகலத்தில் விடும் சாந்துக் கோடு இங்கே 0.11 மி.மீ. சுவரை, ஓட்டை, கதவை, எல்லாவற்றையும் 87 மடங்கு சுருக்கலாம். தண்ணீரை முடியாது. அதன் மூலக்கூறும் அதேதான், பரப்பு இழுவிசையும் அதேதான். சுமார் 2.7 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் தண்ணீரிடம் புவியீர்ப்பின் பாச்சா அதிகம் பலிக்காது. அங்கே பரப்பு இழுவிசை வைத்ததுதான் சட்டம். ஆக, 0.11 மி.மீ. பள்ளத்துக்குள் பெயின்ட் 'வழிந்து இறங்கும்' என்று எதிர்பார்ப்பதே தப்பு. அது உள்ளே இழுக்கப்பட வேண்டும்.

பரப்பு இழுவிசையும் சேர்கோணமும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், வேகமாகத் தாண்டிவிடலாம். பரப்பின் மேல் உட்கார்ந்த துளியின் விளிம்பு, பரப்போடு உண்டாக்கும் கோணம் சேர்கோணம். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் பரவிவிடும், கோணம் மிகச் சிறியது. பாலிஸ்டைரினில் அது ஏறக்குறைய 90 பாகை. முத்து முத்தாக நின்றதன் காரணம் அதுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். சாந்துக் கோட்டை ஆப்பு வடிவப் பள்ளமாக வைத்துக்கொள்வோம், இரண்டு சாய்ந்த சுவர்கள் அடியில் சேர்கின்றன. அதில் நீர் ஒரு மி.மீ. முன்னேறினால் என்ன ஆகும்? இரண்டு சுவர்களும் நனையும், அது ஆற்றல் கணக்கில் வரவு. மேலே ஒரு மி.மீ. நீளத்துக்குப் புதிதாகத் திறந்த நீர்ப்பரப்பு உண்டாகும், அது செலவு. வரவு சேர்கோணத்தின் கொசைனைப் பொறுத்தது. செலவு பள்ளத்தின் பாதிக் கோணத்தின் சைனைப் பொறுத்தது, ஏனென்றால் பள்ளம் விரிய விரிய மேலே திறந்த வாயும் அகலமாகும். வரவு மிஞ்சினால் நீர் ஓடும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். கணக்கைச் சுருக்கினால் ஒரே வரி: சேர்கோணத்தையும் பள்ளத்தின் பாதிக் கோணத்தையும் கூட்டினால் 90-க்குக் குறைவாக வர வேண்டும்.

பால் கான்கஸ், ராபர்ட் ஃபின் என்ற இருவர் 1969-இல் இதைக் கணிதமாக நிறுவினார்கள். இதன் அழகு, நடுவாந்திரம் என்ற பேச்சே இல்லாததுதான். செங்கோண மூலை ஒன்றை எடுங்கள், பாதிக் கோணம் 45. சேர்கோணம் 46 என்றால் நீர் மூலையில் ஓடாது. 44 என்றால் பள்ளம் போகிற தூரமெல்லாம், கைவசம் நீர் இருக்கும் வரை ஓடும். இரண்டு பாகையில் தலைகீழ் மாற்றம்.

சோப்பு செய்தது இதைத்தான். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை எண்ணெய்ப் பசையை. பிளாஸ்டிக்குக்கும் நீருக்கும் நடுவே போய் அது ஒட்டிக்கொண்டதும் சேர்கோணம் 90-இலிருந்து சரசரவென்று இறங்கி, மூலைக்கான எல்லையைத் தாண்டிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துவிடுகிறது. இழுக்கும் விசையே குறைந்தபின் எப்படி ஓடுகிறது என்று கேட்கலாம். மேலே சொன்ன நிபந்தனையில் பரப்பு இழுவிசை இல்லவே இல்லை, கவனித்தீர்களா? வரவிலும் செலவிலும் அது பொதுவாக வருவதால் அடிபட்டுப் போகிறது. ஓடும் வேகத்தில்தான் அதற்குப் பங்கு. ஓடுமா ஓடாதா என்பதைக் கோணம் மட்டுமே முடிவு செய்கிறது.

இதே நிபந்தனையை நம்பித்தான் 2008-இல் விண்வெளி நிலையத்தில் டான் பெட்டிட் என்ற வீரர் காபி குடித்தார். பிளாஸ்டிக் தாளை மடித்து, ஒரு பக்கம் கூர்மையான மூலை வருகிற மாதிரி கோப்பை செய்தார். எடையற்ற நிலையிலும் காபி அந்த மூலை வழியே தானாக ஏறி உதட்டுக்கு வந்துவிட்டது.

சரி, இனி பிரஷ்ஷைக் கையில் எடுப்போம். வாஷ் அடிப்பதற்கு முன் சுவருக்கு எந்தப் பூச்சு என்பது முக்கியம். மேட் பிரைமர், அதாவது பளபளப்பில்லாத அடிப்பூச்சு, நுணுக்கமாகச் சொரசொரப்பானது. நனையும் பரப்பு சொரசொரப்பாக இருந்தால் இன்னும் நன்றாக நனையும் என்று வென்செல் என்ற ஆய்வாளர் 1936-இலேயே சொல்லிவிட்டார். மேட் மேல் சோப்பு வாஷ் அடித்தால் கோடு, கல் எல்லாம் ஒரே அழுக்காகிவிடும். வழவழப்பான வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, கோடுகள் சந்திக்கும் முனையில் பிரஷ் நுனியைத் தொட்டால் போதும். தடவவே வேண்டாம். கடைசியில் மேட் வார்னிஷ் அடித்துப் பளபளப்பை அடக்கிக்கொள்ளலாம். சோப்புக்குப் பதில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஓடும், ஆனால் அடியில் உள்ள அக்ரிலிக் இளகிவிடும்.

அப்புறம் காய்தல். கல்லின் முகத்தில் தங்கிய துளி காய்ந்தால் விளிம்பில் கருவளையம் விழும். துளியின் விளிம்பு பரப்பில் சிக்கிக்கொள்கிறது, ஆவியாதலும் அங்கேதான் வேகம். இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, போகும்போது நிறமித் துகள்களையும் அள்ளிக்கொண்டு போகிறது. சிந்திய காபியின் கறையும் இப்படி விழுவதுதான். 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக் குழு இதை விளக்கி 'நேச்சர்' இதழில் எழுதியது. இன்று இங்க்ஜெட் அச்சில் வேலை செய்பவர்களுக்கு அது அரிச்சுவடி. நம் ஊரில் 'காபிக் கறை' என்று தலைப்பு வைத்து ஆராய்ச்சி நிதி கேட்டுப் பாருங்கள். நாட்டுக்கு என்ன பயன், எத்தனை வருடத்தில் என்று ஒரு படிவம் வரும். பயன் தெரிந்த பிறகுதான் பணம் என்றால் ஆராய்ச்சி எதற்கு, கடை வைத்துவிடலாமே.

வளையம் விழாமலிருக்க, கல்லின் மேல் தங்கியதை ஈரம் வடித்த பிரஷ்ஷால் உடனே உறிஞ்சிவிடுங்கள். வேலூர் மே மாதத்தில் 40 பாகைக்கு மேல் வெயில் அடிக்கும்போது மதியத்தில் இந்த வேலை ஆகாது, வாஷ் ஓடி முடிக்குமுன்னே காய்ந்துவிடும். விடியற்காலைதான் சரி.

வாசகரின் படத்தில் கருப்புக்கு நடுவே வெள்ளைப் பூப்பும் தெரிகிறது. அது பெயின்ட்டின் குற்றமாக இருக்காது. போர் தண்ணீரில் கரைந்திருந்த உப்புதான் காய்ந்தபின் மிஞ்சியிருக்க வேண்டும். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதிவிட்டது. குடிதண்ணீருக்கே அந்தக் கதி என்றிருக்கும் இடத்தில் மாடலுக்காகப் புலம்புவது கொஞ்சம் அற்பமாகத்தான் இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உதவும், அதில் உப்பு இருக்காது.

ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் நூலில் கட்டி ஒரு மணி அளவுத் திருஷ்டிப் பூசணியையும் தொங்கவிட்டிருக்கிறார். அலங்காரமாக இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. வாஷ் சரியாக ஓடியதற்கு அது காரணம் என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மழைக்கறை. நிஜச் சுவரில் மழைநீர் வழிந்து, ஜன்னல் கம்பித் துருவையும் ஓட்டுப் பாசியையும் கீழே இழுத்துக் கோடு போடும். மாடல் சுவரில் பெயின்ட்டுத் துளியை விட்டுப் பார்த்தால் செங்குத்துச் சுவரிலும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும், காரணம் அதே 2.7 மி.மீ. அதனால் இந்த ஒன்றை மட்டும் கையால்தான் போட வேண்டும். ஜன்னல் திண்டின் இரண்டு முனைகளிலும் துருநிறத்தில் பொட்டு வைத்து, ஈரமான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பக்கவாட்டில் தேய்த்துவிடாதீர்கள். கீழே போகப் போகக் கோடு மெலிய வேண்டும்.