டேங்கைக் காலி செய்துவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்

“நீங்க வர்றீங்கன்னு நேத்தே லாரி கூப்பிட்டு செப்டிக் டேங்கை சுத்தமா எடுத்துட்டோம் சார்.” வீட்டை விற்பவர்கள் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். பெரும்பாலும் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் வாங்குபவருக்காகச் சோதிக்கப் போகும் எனக்குக் காலி டேங்கில் விரிசலும் அரிப்பும்தான் தெரியும். அந்தக் கழிவுநீர் அமைப்பு எப்படி வேலை செய்துகொண்டிருந்தது என்ற தடயம் லாரியோடு போய்விட்டது.

நன்றாக இருக்கும் செப்டிக் டேங்கில் கனமான கசடு அடியில் தங்கும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும். நடுவில் உள்ள நீர் மட்டும் வெளிக்குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்கோ, மண்ணுக்குள் பதித்த துளைக் குழாய்களுக்கோ போகும். மூடியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது நீர்மட்டத்தைத்தான். அது வெளிக்குழாயின் அடிவிளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால், அண்மையில் யாரும் காலி செய்யாத பட்சத்தில், டேங்க் எங்கோ கசிகிறது. மேலே ஏறியிருந்தால் குழாயில் அடைப்பு, இல்லையென்றால் வெளியே போகும் நீரை மண் வாங்க மறுக்கிறது. சில டேங்குகளில் இன்றைய மட்டம் சரியாக இருக்கும்; ஆனால் ஒரு சாண் மேலே சுவரில் கறுப்பாக ஒரு கறைக்கோடு ஓடும். எப்போதோ தண்ணீர் அதுவரை ஏறி நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

அளந்து முடித்த பிறகு, என் கண் முன்னால் லாரி உறிஞ்சட்டும். மட்டம் இறங்க இறங்க வெளிக்குழாய் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கிருந்து தண்ணீர் டேங்குக்குள் திரும்பி வழிந்தால், அந்தப் பக்கம் மண் தண்ணீரில் ஊறி நிரம்பிக் கிடக்கிறது. வாங்குபவர் பயப்பட வேண்டியது இதற்குத்தான். உடைந்த மூடியையோ, வெளிக்குழாய் வாயில் உள்ள ‘T’ வடிவ டீ-குழாயையோ ஒரே நாளில் மாற்றிவிடலாம். மண்ணின் துளைகளே அடைத்துக்கொண்டால் கசடு எடுத்துப் பயனில்லை, பெரும்பாலும் வேறு இடத்தில் தோண்ட வேண்டியிருக்கும். மனையில் அப்படி ஓர் இடம் மிச்சமிருக்கிறதா, அது கிணற்றிலிருந்து போதிய தூரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான் தலைவலியாக வரும்.

பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் இன்னொரு சிக்கல். தண்ணீரே விடாததால் மண் காய்ந்திருக்கும். சோதனைக்கு ஊற்றியதையெல்லாம் சமர்த்தாகக் குடித்துவிடும். ஐந்து பேர் குடியேறித் துணி துவைக்க ஆரம்பித்த சில வாரங்களில் கழிவறை திரும்பிப் பொங்கும். அதனால் காலி வீடு என்றால் கசடின் அளவையும் பழைய கறைகளையும்தான் நான் அதிகம் நம்புவேன். குழாயைத் திறந்துவிட்டு, “தண்ணீர் போகுதே, சரிதான்” என்று எழுதிக் கொடுப்பது சோதனையே இல்லை. சாயம் கரைத்து ஊற்றும் முறையும் எனக்குப் போதாது. சாயம் தரையில் வெளிப்பட்டால் கோளாறு உறுதி, வெளிப்படாவிட்டால் எதுவும் உறுதியில்லை.

விற்பவர்களுக்கு: விலை பேசத் தொடங்கும் முன்பே சோதனை செய்துவிடுங்கள். கடைசியாக எப்போது கசடு எடுத்தீர்கள், ரசீது இருக்கிறதா, வரைபடம் இருக்கிறதா என்று தேடி வையுங்கள். டேங்க் எங்கே என்று தெரியாமல் தோட்டத்தைக் கடப்பாரையால் குத்திக்கொண்டிருப்பது அரை நாள் வேலை.

ஒன்றை மட்டும் யார் கேட்டாலும் கோபமாகவே சொல்வேன். மூடியை நீங்களே திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே இறங்கவே இறங்காதீர்கள். உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடும்போது மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் தெரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் ஏராளம். அதே வாயு அமிலமாக மாறி, நீருக்கு மேலே உள்ள கான்கிரீட்டை அரிக்கும். எனவே பழைய மூடி மேல் ஏறி நிற்பதும் வேண்டாம்.

அறிக்கையில் “நல்ல நிலையில் உள்ளது” என்ற ஒரு வரி மட்டும் வந்தால் திருப்பி அனுப்புங்கள். நீர்மட்டம், கசடும் ஏடும் எத்தனை அங்குலம், வெளிக்குழாயின் புகைப்படம், காலி செய்தபோது நீர் திரும்பியதா, வீட்டு மூலையிலிருந்து மூடி எத்தனை அடி என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.