டிடி, பார்ட்குளோன், டிடிரெஸ்க்யூ: பார்ட்டிஷனை அப்படியே நகலெடுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

போட்டோக்களையும் ஆவணங்களையும் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துவிட்டால் பேக்கப் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கோப்புகள் பத்திரமாக இருக்கும், சரிதான். ஆனால் ஹார்டு டிஸ்க் போய்விட்ட அன்றைக்கு அந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு லேப்டாப்பை பூட் செய்ய முடியாது. விண்டோஸையோ உபுண்டுவையோ முதலிலிருந்து நிறுவி, டிரைவர்களைத் தேடிப் போட்டு, ஒவ்வொரு மென்பொருளுக்கும் லைசென்ஸ் கீயைக் கண்டுபிடித்து, பிரிண்டரை மறுபடி இணைத்து என்று வேலை நீண்டுகொண்டே போகும். பார்ட்டிஷனையே (டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் ஒரு பகுதி) ஒரு இமேஜ் கோப்பாக, அதாவது அதன் முழு நகலையும் ஒரே கோப்பாக எடுத்து வைத்திருந்தால், புது டிஸ்க்கில் அதைத் திரும்ப எழுதியதும் பழைய நிலை அப்படியே வந்துவிடும். டெஸ்க்டாப்பில் ஐகான் இருந்த இடம்கூட மாறாது.

லினக்ஸில் இதற்கு இலவசமான கட்டளைவரிக் கருவிகள் பல உண்டு. எல்லாம் ஒரே வேலையைச் செய்வது போலத் தோன்றும், ஆனால் ஒரு விஷயத்தில் அடியோடு வேறுபடுகின்றன: டிஸ்க்கில் எந்த இடம் நிரம்பியிருக்கிறது, எது காலி என்பது அந்தக் கருவிக்குத் தெரியுமா, தெரியாதா?

டிடிக்குத் தெரியாது. இருப்பதிலேயே மூத்தது இதுதான், 1974-ல் வந்த யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பிலேயே இருந்தது. எங்கிருந்து படிப்பது, எங்கே எழுதுவது என்ற இரண்டை மட்டும் சொன்னால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படித்து எழுதிவிடும். லினக்ஸில் டிஸ்க்கும் ஒரு கோப்பு போலவே தெரிவதால் (முழு டிஸ்க் எஸ்டிஏ, அதன் முதல் பார்ட்டிஷன் எஸ்டிஏ1) இதற்குத் தனி வித்தை எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே இருக்கும் கோப்பு அமைப்பு (கோப்புகளை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை) விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸாக இருந்தால் என்ன, லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஆக இருந்தால் என்ன, பிட்லாக்கர் என்ற விண்டோஸ் மறையாக்கம் போட்டுப் பூட்டியிருந்தால் என்ன, டிடிக்கு எல்லாம் வெறும் பைட்டுகள். அதனால்தான் எதையும் நகலெடுக்க முடிகிறது. அதனால்தான் மெதுவாகவும் இருக்கிறது. 500 ஜிபி பார்ட்டிஷனில் 60 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தாலும் 500 ஜிபியையும் படிக்கும், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஓடும் ஹார்டு டிஸ்க் என்றால் ஏறக்குறைய 83 நிமிடம்.

அந்த இமேஜை ஜிஜிப் கொண்டு சுருக்கினால் காலி இடமெல்லாம் சுருங்கிவிடும் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் நாம் அழித்த கோப்புகளின் பைட்டுகள் டிஸ்க்கில் அப்படியே கிடக்கின்றன, காலி என்று குறிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். போன வருஷம் அழித்த வீடியோவும் இமேஜுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்; வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் ஜிஜிப்பால் அதை மேலும் சுருக்க முடியாது. எஸ்எஸ்டியில் டிரிம் (அழித்த இடங்கள் எவை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) ஓடியிருந்தால் நிலைமை கொஞ்சம் மேல், அழித்த இடங்களைப் படிக்கும்போது பெரும்பாலும் பூஜ்யங்களே வரும்.

டிடியைப் பயன்படுத்தும்போது பிளாக் அளவைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு தடவைக்கு 512 பைட்தான் படிக்கும், 500 ஜிபிக்கு ஏறக்குறைய 98 கோடி முறை படித்து எழுத வேண்டியிருக்கும். 4 எம்பி என்று கொடுத்தால் ஒரு லட்சத்துச் சொச்சம் முறையில் வேலை முடியும். அதைவிட முக்கியம், மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் டிடி ஒரு கேள்வியும் கேட்காமல் காலி டிஸ்க்கை எடுத்து உங்கள் தரவின் மேல் எழுதிவிடும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் அடுத்த பூட்டில் இடம் மாறலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் டிஸ்க்கின் அளவையும் மாடலையும் பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும்.

பார்ட்குளோனின் வழி வேறு. தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணினி மையத்தில் உருவான கருவி இது. பலரும் பயன்படுத்தும் குளோன்ஜில்லா பெரும்பாலான பார்ட்டிஷன்களை நகலெடுக்க உள்ளே இதைத்தான் ஓட்டுகிறது. நகலெடுக்கத் தொடங்குமுன் கோப்பு அமைப்பு வைத்திருக்கும் கணக்கை இது வாசிக்கிறது.

ஈஎக்ஸ்டி4-ஐ எடுத்துக்கொள்வோம். அது பார்ட்டிஷனை வழக்கமாக 4096 பைட் பிளாக்குகளாகப் பிரிக்கிறது, பிளாக்குகளைக் குழுக்களாகச் சேர்க்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் பிட்மேப் என்று ஒரு பிளாக் உண்டு, பஸ் ரிசர்வேஷன் சார்ட் மாதிரி ஒவ்வொரு பிளாக்கும் நிரம்பியதா காலியா என்பது மட்டும் அதில் இருக்கும். ஒரு பிளாக்குக்கு ஒரு பிட். 4096 பைட்டில் 32,768 பிட்டுகள், எனவே ஒரு பிட்மேப் 32,768 பிளாக்குகளை, அதாவது 128 எம்பியைப் பார்த்துக்கொள்ளும். 500 ஜிபி பார்ட்டிஷன் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பிட்மேப்புகள் மொத்தம் 15 எம்பிதான் வரும்! அந்த 15 எம்பியைப் படித்தாலே எந்த 60 ஜிபியைத் தொட வேண்டும், எந்த 440 ஜிபியைத் தாண்டிப் போகலாம் என்று தெரிந்துவிடுகிறது. 83 நிமிட வேலை பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிவது இப்படித்தான். என்டிஎஃப்எஸ்ஸிலும் இதே போல ஒரு பிட்மேப் உண்டு, அங்கே அது ஒரு மறைவான கோப்பாக இருக்கும். ஃபேட்32-ல் தனிப் பிட்மேப் கிடையாது, ஃபேட் அட்டவணையில் பூஜ்யம் போட்டிருந்தால் அந்த இடம் காலி.

பார்ட்குளோன் இமேஜில் முதலில் தலைப்புத் தகவல், அப்புறம் இந்தப் பிட்மேப், அதன்பின் நிரம்பிய பிளாக்குகள் மட்டும், இடையிடையே சரிபார்ப்பு எண்கள். திரும்ப எழுதும்போது பிட்மேப்பைப் பார்த்து ஒவ்வொரு பிளாக்கையும் அது முன்பு இருந்த அதே இடத்தில் வைக்கிறது. அதனால்தான் இலக்குப் பார்ட்டிஷன் பழையதைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. 60 ஜிபி தரவுதானே, 120 ஜிபி எஸ்எஸ்டியில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே ஒரு பிளாக் 400-வது ஜிபியில் உட்கார்ந்திருந்தாலும் நடக்காது, மூலத்தில் கோப்பு அமைப்பை முதலில் சுருக்கிவிட்டுத்தான் இமேஜ் எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கை நம்பி வேலை செய்வதால், கணக்கு நகராமல் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் பிட்மேப்பை ஒரு நொடியிலும் அது காட்டும் பிளாக்கை பத்து நிமிடம் கழித்தும் படித்தால் இரண்டும் பொருந்தாது. ஆகவே மவுன்ட் ஆகாத, அதாவது சிஸ்டம் திறந்து பயன்படுத்தாத பார்ட்டிஷனில்தான் எடுக்க வேண்டும், லைவ் யுஎஸ்பியிலிருந்து (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) பூட் செய்வது அதற்காகத்தான். விண்டோஸில் இன்னொரு சிக்கல் உண்டு: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட்டவுன் கொடுத்த பிறகும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், என்டிஎஃப்எஸ் முழுதாக மூடப்பட்டிருக்காது. அந்த வசதியை அணைத்துவிட்டு ஷட்டவுன் செய்யுங்கள். பூட்டிய பார்ட்டிஷன்களில் பிட்மேப்பும் பூட்டப்பட்டிருப்பதால் பார்ட்குளோனுக்கு அங்கே வழியில்லை, டிடிதான்.

பார்ட்டிஷனுக்கு வெளியே இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பார்ட்டிஷன்களின் அட்டவணையை வைக்கும் பழைய எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம்: 446 பைட் பூட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, 2 பைட் கையொப்பம். அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) தன் ஒரு பகுதியை வைத்திருக்கும். புதிய ஜிபிடி முறையில் அட்டவணை டிஸ்க்கின் தொடக்கத்திலும், அதன் நகல் கடைசியிலும் இருக்கும். பார்ட்டிஷன் இமேஜ் மட்டும் கையில் இருந்தால் இவை எதுவும் உங்களிடம் இல்லை என்று பொருள். எஸ்எஃப்டிஸ்க் கட்டளை அட்டவணையை நாலு வரி உரையாக எழுதித் தந்துவிடும், அதையும் இமேஜோடு சேர்த்து வையுங்கள். யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த பூட் முறை) கணினி என்றால் பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் தனியாக எடுக்க வேண்டும், சின்னதுதான்.

டிஸ்க் ஏற்கெனவே பழுதாகி, படிக்கும்போது பிழை காட்டுகிறது என்றால் மேலே சொன்ன இரண்டையும் விட்டுவிட்டு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூவுக்குப் போங்கள். டிடி முதல் பிழையிலேயே நின்றுவிடும். நிற்காதே என்று சொன்னாலும் கெட்ட இடத்திலேயே முட்டி மோதி சாகப்போகும் டிஸ்க்கின் மிச்ச உயிரையும் வீணாக்கும். டிடிரெஸ்க்யூ பிழை வந்த இடத்தைத் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, அப்புறம் கெட்ட பகுதிகளின் ஓரங்களைச் செதுக்கி உள்ளே நுழைகிறது. எதை எடுத்தாயிற்று என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும்: எடுத்த பகுதிக்குக் கூட்டல் குறி, கெட்ட செக்டருக்குக் கழித்தல் குறி, இன்னும் தொடாததற்குக் கேள்விக்குறி. மின்சாரம் போனாலும், டிஸ்க் சூடாகி நிறுத்த நேர்ந்தாலும், அதே வரைபடத்தைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் கோப்பைக் கொடுக்காமல் இதை ஓட்டவே கூடாது என்பேன்.

திரும்ப எழுதிய பிறகு இரண்டு வேலை பாக்கி. பெரிய டிஸ்க்கில் எழுதியிருந்தால் கோப்பு அமைப்பு இன்னும் பழைய அளவையே நினைத்துக்கொண்டிருக்கும். பார்ட்டிஷனைப் பெரிதாக்கிவிட்டு ஈஎக்ஸ்டி4-க்கு ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்ட வேண்டும். முழு டிஸ்க்கையும் நகலெடுத்திருந்தால், ஜிபிடியின் இரண்டாம் நகல் புது டிஸ்க்கின் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும், எஸ்ஜிடிஸ்க் கட்டளையால் அதைக் கடைசிக்கு நகர்த்துங்கள். அடுத்தது யுயுஐடி என்ற கோப்பு அமைப்பின் அடையாள எண். நகலும் மூலமும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால், இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகச் செருகி பூட் செய்தால் சிஸ்டம் எதை மவுன்ட் செய்யும் என்று சொல்ல முடியாது. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு இரண்டாவதை மவுன்ட் செய்ய மறுத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் இதைச் செய்தால் தரவே கெட்டுப்போக வாய்ப்புண்டு. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு பூட் செய்வதுதான் எளிது. இரண்டும் ஒரே கணினியில் இருந்தாக வேண்டுமென்றால், ஈஎக்ஸ்டி4 நகலுக்கு டியூன்2எஃப்எஸ்ஸில் புது எண் கொடுத்துவிட்டு, எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பிலும் கிரப் அமைப்பிலும் அந்த எண்ணை மாற்றி எழுதுங்கள்.