கம்போஜாவைச் செண்பகம் ஆக்கியது யார்?

சுங்கை சிப்புட்டில் ஒரு பூச்செடிக் கடை. தொட்டியில் செருகிய அட்டையில் ‘சிவப்புச் செண்பகம், 25 வெள்ளி’. இலையைக் கிள்ளினேன், பால் வடிந்தது. செண்பகத்தில் ஏது பால்? அது மலேசியாவில் நாம் கம்போஜா என்று சொல்லும் புளூமேரியா. இந்தக் கூத்தை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை.

புளூமேரியா என்ற பெயர் சார்ல் புளூமியே (1646–1704) என்ற பிரெஞ்சுத் துறவியிடமிருந்து வந்தது. தாவரவியலாளர். சொற்பிறப்பு அவ்வளவுதான்.

செண்பகம் வேறு மரம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டுப் பூப்பட்டியலிலேயே ‘பெருந்தண் சண்பகம்’ இருக்கிறது. ஒடுங்கிய இதழ்கள் பல, பொன்னிறம். கம்போஜாவுக்கு இதழ் ஐந்து, சொந்த ஊர் நடு அமெரிக்கப் பக்கம். கபிலர் பார்த்திருக்கவே முடியாது. வட இந்தியாவில் இதைச் சம்பா என்பார்கள், லாவோசின் தேசியப் பூவும் ‘டொக் சம்பா’. சம்பாவைக் கண்டதும் செண்பகம் என்று எழுதிவிடுகிறார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள். மரத்தைப் போய்ப் பார்ப்பதில்லை, ஒலியைப் பார்க்கிறார்கள்! இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் உண்மையான செண்பகத்தை இனி என்னவென்று கேட்டு வாங்குவது?

பக்கத்து வீட்டு அக்கா வாசத்துக்காக ‘வெள்ளைச் செண்பகம்’ வாங்கி நட்டார். கொத்துக் கொத்தாகப் பூத்தது, முகர்ந்தால் ஒன்றுமில்லை. இலை நாகம் படமெடுத்த மாதிரி இருந்தது: கம்போஜாவில் புடிகா என்ற வகை. வாசமும் நிறமும் வேண்டுமென்றால் ரூப்ரா. சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் அதில் உண்டு. இலை நுனி மழுங்கி, வெள்ளைப் பூவின் நடுவில் மஞ்சள் இருந்தால் ஒப்துசா, அதுவும் மணக்கும். வாங்குமுன் இரவில் முகர்ந்து பாருங்கள், மணம் தூக்கலாக இருப்பது அப்போதுதான்.

தமிழில் கம்போஜாவுக்கு ஈழத்தலரி என்ற சொல் முன்பே இருக்கிறது. ‘ஈழத்துப் பூ இல்லையே’ என்பார்கள். மலாய்க்காரர் கம்போஜா என்று கம்போடியாவின் பெயரை வைக்கவில்லையா? வந்த வழியைச் சொல்லும் பெயர்கள் இவை. அலரி என்பதும் பொருத்தம்தான்: அரளிக்கும் இதற்கும் ஒரே குடும்பம், இரண்டிலும் பால்.

கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். “கம்போஜான்னு எழுதினா கல்லறைப் பூன்னு நம்ம ஆளுங்க தொடமாட்டாங்கண்ணே” என்றார். அட, அப்படியானால் ஈழத்தலரி என்று எழுதிவிட வேண்டியதுதானே? அதைக் கேட்டு யாருக்கும் கல்லறை நினைவு வராது.