இரவு பத்து மணிக்குப் பின் ஒலிபெருக்கி: விதி சொல்வதும் புகார் அளிக்கும் முறையும்

ஆடி மாதத்தில் தெருமுனையில் மூங்கில் நட்டுக் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கி பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுச் சன்னலை நேராகப் பார்த்தபடியே இருக்கும். அப்படி ஒரு வீட்டில், அலமாரியிலிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்ந்துகொண்டிருந்ததையும், அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருந்த பெரியவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். வீட்டார் விடியும்வரை பொறுத்துக்கொண்டார்கள். சட்டம் தங்கள் பக்கம் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-இன் கீழ் மத்திய அரசு 2000 பிப்ரவரி 14 அன்று ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. இவ்விதிகளின்படி காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல். மீதி நேரம் இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. வணிகப் பகுதிக்கு இது 65, 55 எனவும், தொழிற்பகுதிக்கு 75, 70 எனவும், மருத்துவமனை போன்றவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்துக்கு 50, 40 எனவும் அமையும். டெசிபல் கணக்கைச் சாதாரணக் கூட்டல் கணக்காக எண்ணிவிடக் கூடாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதால், 45-க்கும் 65-க்கும் இடையே உள்ள வேறுபாடு நூறு மடங்கு.

ஒலிபெருக்கி வைக்க, பகலானாலும் உரிய அதிகாரியின் எழுத்துபூர்வமான அனுமதி தேவை. இரவில் அதற்கு அறவே தடை உண்டு. அரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடத்துக்குள் உள்ளிருப்போருக்காக மட்டும் பயன்படுத்துவதற்கும், பொது அவசர நிலைக்கும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆகவே மண்டபத்தின் வாசலில் தெருவை நோக்கி அடுக்கப்பட்ட ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு இந்த விலக்கு பொருந்தாது என்பதே என் புரிதல். பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், இரவு 10 முதல் 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். அந்த நாட்களை அது முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டி நீட்டிக்க அந்தத் தளர்விலும் இடமில்லை. 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், மேளம் உள்ளிட்ட இசைக்கருவிகளும் இத்தடைக்குள் வருகின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிப்பதும், இரைச்சல் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டுவதும், இரவு நேரத்தில் வெடி வெடிப்பதும் அவ்வாறே தடை செய்யப்பட்டவை.

மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக்கலாம். ஆனால் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாநில அரசு அறிவிக்கை செய்யாத எந்த இடமும் அமைதி மண்டலம் ஆகாது. நோயாளிகள் படுத்திருக்கும் கட்டடத்துக்குக் காப்பு தானாகவே கிடைக்காமல், ஓர் அறிவிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

புகார் அளிக்கத் தயங்குவோர் பெரும்பாலும் சொல்லும் காரணம், "அளக்கும் கருவி எங்களிடம் இல்லையே" என்பதுதான். வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் புகார் செய்யலாம் என்று 7-ஆம் விதி சொல்கிறது. அதே விதி, இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினாலே புகார் செய்யலாம் என்றும் சொல்கிறது. எனவே, தளர்வு அறிவிக்கப்பட்ட நாளாக இல்லாவிட்டால், 10 மணிக்குப் பிறகு தெருவில் ஒலிபெருக்கி பாடுகிறது என்பதே புகாருக்குப் போதுமான காரணம். எத்தனை டெசிபல் என்று நீங்கள் அளந்து காட்ட வேண்டியதில்லை.

இவ்விதிகளின்படி அதிகாரி எனப்படுவோர் மாவட்ட ஆட்சியர், மாநகரக் காவல் ஆணையர், காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் முதலானோர். ஒலியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ எழுத்துபூர்வமாக ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இரவில் உடனடியாக 100 அல்லது 112-ஐ அழைத்துச் சொல்லிவிட்டு, மறுநாள் எழுத்தில் மனுக் கொடுப்பது நல்லது. மனுவில் நாள், ஒலி தொடங்கிய நேரம், நின்ற நேரம், இடம், என்ன கருவி என்பவற்றை எழுதி, அனுமதி பெறப்பட்டதா, எத்தனை மணி வரை பெறப்பட்டது என்றும் கேளுங்கள்.

"சாமி காரியத்தில் புகாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம், ஒரு வழிபாட்டு இடத்தின் ஒலிபெருக்கி குறித்துத் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2005 ஜூலையில் வந்த மற்றொரு தீர்ப்பு, பேச ஒருவருக்கு உரிமை இருப்பதுபோலவே கேட்க மறுக்க மற்றவருக்கும் உரிமை உண்டு என்று விளக்கியது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கட்சிக் கூட்டம் என எதற்கும் இவ்விதி ஒன்றே.

மனுவின் நகல் ஒன்றில் பெறப்பட்ட நாளுடன் அலுவலக முத்திரையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த முறை அதே கம்பத்தில் குழாய் ஏறும்போது, இது முதல் புகார் அல்ல என்பதற்கு அந்தத் தாளே சான்று.