பெட்டி வரும் வரைதான் ஆசை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஜூஸர் இருக்கிறது. போன ஆடியில், ராத்திரி பதினொன்றரை மணிக்கு, படுத்தபடியே போனில் வாங்கியது. விலைக்குப் பக்கத்தில் 'இன்னும் 2 மணி நேரம் மட்டும்' என்று சிவப்பில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பார்சல் வருவதற்குள் அது எங்கே இருக்கிறது என்று ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன். வந்த பிறகு இரண்டு முறை சாத்துக்குடி பிழிந்தோம். அந்தச் சல்லடையைத் தேய்த்துக் கழுவ வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. "இதுக்கா 2,400 ரூபாய்?" என்றார் அம்மா.

வரும் வரை இருந்த ஆசை வந்ததும் எங்கே போனது? மூளையில் சுரக்கும் டோபமினை இன்ப ரசாயனம் என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் குழப்பிவிட்டார்கள். நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் செல்களைக் கவனித்தபோது கண்டது வேறு. பழச்சாறு (அங்கேயும் சாறுதான்!) எதிர்பாராமல் வாயில் விழுந்தால் செல்கள் படபடத்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியதும் அந்தப் படபடப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வரும்போது செல்களில் சலனமே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் ஒரு கணம் அடங்கியது. நம் கையில் உள்ள திரைதான் அந்த விளக்கு.

இன்னொரு மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் இதை எலிகளில் இன்னும் தெளிவாகக் காட்டினார். டோபமின் அற்றுப்போன எலி, உணவு முன்னாலேயே இருந்தாலும் தேடிப் போவதில்லை. ஆனால் நாக்கில் சர்க்கரை நீரை விட்டால் வழக்கம்போல ருசித்து நக்குகிறது. வேண்டும் என்கிற தவிப்பும் பிடித்திருக்கிறது என்கிற சுகமும் வேறு வேறு.

சரி, தவிப்பைத் தடுக்க மூளையில் ஆளே இல்லையா? இருக்கிறது. 2007-இல் பிரையன் நட்சனின் குழு, 26 பேரை ஸ்கேனுக்குள் படுக்கவைத்துப் பொருளையும் விலையையும் காட்டியது. பிடித்த பொருளைக் கண்டதும், மூளையில் ஆசையோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதி விழித்தது. விலை அநியாயம் என்று பட்டபோது இன்சுலா விழித்தது; வலியிலும் அருவருப்பிலும் கிளரும் அதே பகுதி. எண்ணி எடுத்து நோட்டைக் கொடுக்கும்போது இந்த உறுத்தல் நன்றாகத் தெரியும். கார்டில் அது மழுங்கிவிடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற ஆய்வாளர்கள் கூடைப்பந்து டிக்கெட்டுகளை ஏலம் விட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கக்காரர்களைவிடச் சுமார் இரு மடங்கு கேட்டார்கள். 2001-இல் வெளியான ஆய்வு அது. இன்றைக்கு நமக்கு யுபிஐயில் ரகசிய எண்ணை அழுத்தினால் போதும், அல்லது அதுகூட வேண்டாம்.

வருத்தம் பிறகு வருகிறது, அதற்கும் தனி இடம் உண்டு. கண்குழிக்கு மேலே உள்ள ஆர்பிட்டோஃப்ரான்டல் புறணி (மூளையின் மேலடுக்கில் ஒரு பகுதி) சேதமானவர்களைச் சூதாட்டச் சக்கரம் சுழற்றவைத்தார்கள் (2004). 'மற்றதைத் தேர்ந்திருந்தால் இவ்வளவு வந்திருக்கும்' என்று காட்டியபோதும் அவர்கள் வருந்தவில்லை. அதனால் சுதாரித்துக்கொள்ளவும் இல்லை, தோற்றுக்கொண்டே இருந்தார்கள். அம்மாவின் கேள்வி சுருக்கென்று தைத்ததால் என் புறணி நன்றாகவே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

பொய்யான அவசரம் காட்டுவதை 2023-இல் மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரைச் சிக்கவைக்கும் 13 உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டன. இந்த ஆடியில் அதே தளத்தில் ஒரு தோசைக்கல்லைக் கூடையில் போட்டுவிட்டு, வாங்காமல் தூங்கிப்போனேன். காலையில் எழுந்து பார்த்தால், கடிகாரம் மறுபடி 2 மணி நேரத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.