மக்கில் ஏறும் மலை அணில்

டாப்ஸ்லிப்பில் எடுத்த மலை அணில் படத்தைக் காபி மக்கில் போட்டுத் தருவது இன்று சின்ன ஸ்டுடியோவிலும் நடக்கும் வேலை. படத்தை மக்கின் மேல் ஒட்டுகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒட்டுவதே இல்லை. சாயம் ஆவியாகி, மக்கின் மேலுள்ள மெல்லிய பூச்சுக்குள் புகுந்து கொள்கிறது. கற்பூரம் உருகாமலே காற்றில் கரைவதுபோல, இந்தச் சாயமும் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகும். இதற்குப் பெயர்தான் சப்ளிமேஷன்.

வீட்டிலிருக்கும் சாதாரண பீங்கான் மக்கில் இது நடக்காது. அதன் மினுமினுப்பு கண்ணாடிப் படலம். சாயம் அதற்குள் நுழைய வழியில்லை. சப்ளிமேஷன் மக் என்று விற்பவற்றில் அந்தப் படலத்தின் மேல் நிறமற்ற பாலியெஸ்டர் பூச்சு இருக்கும். சூட்டில் பூச்சின் மூலக்கூறுகள் தளர்ந்து சாய ஆவியை உள்ளே விடுகின்றன; ஆறியதும் இறுகிப் பிடித்துக் கொள்கின்றன. திருப்பூரில் பாலியெஸ்டர் ஜெர்சியில் இந்த முறை எடுபட்டு, பருத்தி பனியனில் எடுபடாததற்கும் காரணம் இதுதான்.

11 அவுன்ஸ் மக்கின் சுற்றளவு ஏறக்குறைய 257 மி.மீ. கைப்பிடிப் பக்கம் போக, அச்சிட 200 மி.மீ. அகலமும் 90 மி.மீ. உயரமும் கிடைக்கும். 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2362 × 1063 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் அணிலின் மீசை மயிரெல்லாம் குழம்பிப் போகும். மூலக் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும். இந்த விலங்கில் இன்னொரு சிக்கல்: வால் உடலைவிட நீளம். தொங்கும் வாலோடு முழு அணிலையும் 90 மி.மீ. உயரத்துக்குள் அடக்கினால் முகம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. வாலைத் தயங்காமல் வெட்டிவிடலாம். முகத்தை, மக்கைச் சுற்றி வரும் அச்சுப் பட்டையின் நடுவில் வைப்பதும் வீண். வலது கையில் மக்கைப் பிடிப்பவர் கண்ணில் படுவது பட்டையின் வலப்பாதி. எதிரில் இருப்பவருக்கு இடப்பாதி.

படத்தை இடவலம் மாற்றி, சப்ளிமேஷன் தாளில், சப்ளிமேஷன் மையால் அச்சிட வேண்டும். தாளில் நிறம் மங்கித்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து அடர்த்தியைக் கூட்டினால் காரியம் கெட்டது. வெள்ளை மை கிடையாது. அணிலின் வெளிர் மார்பில் தெரியும் வெண்மை மக்கின் வெண்மையே. அதனால் மக் வெள்ளையாக இருந்தாக வேண்டும்.

மக்கைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, தாளைச் சுருக்கமின்றி இழுத்துச் சுற்றி, சூடு தாங்கும் டேப்பால் ஒட்டி, மக்கைச் சுற்றி அழுத்திச் சூடாக்கும் மக் பிரஸ்ஸில் வைக்கிறார்கள். 180 முதல் 200 டிகிரி செல்சியஸ், மூன்று நான்கு நிமிடம். சரியான அளவு பிரஸ்ஸுக்குப் பிரஸ் மாறும். குளிர்ந்த மக் உள்ளே போனதும் சூடு இறங்கிவிடும். அது மீண்டும் ஏறிய பிறகே நேரத்தை எண்ண வேண்டும்.

சூடோ நேரமோ குறைந்தால் படம் வெளிறும். கூடினால் கறுப்பு பழுப்பாகத் திரும்பும். மலை அணிலுக்கு இது பெரிய நஷ்டம்: முதுகின் கறுப்பும் அரக்குச் சிவப்பும் ஒன்றாகி, உடலின் வடிவமே மறைந்துவிடும். அச்சுக்கு முன்பே இருண்ட பகுதிகளைச் சற்று வெளிச்சமாக்குவது நல்லது. விளிம்பில் நிழல்போல இரட்டைக் கோடு விழுந்தால், சூடு தணியுமுன் தாள் நகர்ந்திருக்கிறது. ஆவி அப்போதும் வெளியேறிக் கொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்த தாள் திட்டுத்திட்டாகக் கறை தரும். அச்சிட்ட தாளைச் சுற்றுமுன் நன்றாகக் காயவிட வேண்டும். நூல்போல வெள்ளைக் கீறல் தெரிந்தால் நடுவில் பஞ்சுத் தூசி சிக்கியிருக்கிறது. பின்னலாடைப் பட்டறைக்குப் பக்கத்திலிருக்கும் கடைகள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கைப்பிடி ஓரமும் அடிப்பக்கமும் மங்கினால் பிரஸ்ஸின் சூட்டுப் பட்டை அங்கே அழுந்தவில்லை. நேரத்தைக் கூட்டிப் பயனில்லை, அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும்.

படம் இருப்பது பூச்சுக்குள் என்பதால், பூச்சு தேய்ந்தால் படமும் போகும். கம்பி நாரும் சாம்பலும் வேண்டாம்; ஸ்பாஞ்சும் சோப்பும் போதும். வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வைக்கக் கூடாது. ஒளி பட்டால் இந்தச் சாயங்கள் மெல்ல வெளுக்கும்.